செத்த பிறகும் வேலைக்கு ஆள் கூப்பிட்டால்?

எகிப்து என்றதும் நமக்கு மம்மியும் பிரமிடும்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு நான் பேச வந்தது கையில் அடங்குகிற ஒரு பொம்மையைப் பற்றி. பெயர் உஷாப்தி. பிணத்தோடு கல்லறையில் வைப்பார்கள்.

எதற்கு? அவர்கள் நம்பிய மறு உலகமும் நைல் கரை மாதிரியே வயலும் வாய்க்காலும்தான். வயல் இருந்தால் வேலையும் இருக்குமே! உயிரோடு இருக்கும்போது வாய்க்கால் வெட்ட, கரை கட்ட அரசாங்கம் ஆளைப் பிடித்துக்கொண்டு போகும். நம் சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அந்த மாதிரி கூலியில்லாத வேலை. செத்தாலும் அது விடாது என்று பயந்தார்கள். அதற்குத்தான் இந்த மாற்று ஆள்.

பொம்மையைக் கிட்டத்தில் பாருங்கள். மம்மி மாதிரி சுற்றிய உடம்பு, மார்பின் குறுக்கே இரண்டு கை, கையில் மண்வெட்டி, தோளுக்குப் பின்னால் ஒரு விதைப்பை. நிறைய பொம்மைகள் ஃபயான்ஸில், அதாவது மணல்தூளைக் குழைத்துச் சுட்ட மெருகுப் பொருளில் செய்தவை, நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும். காலைச் சுற்றி எழுத்து. செத்தவர்களுக்கு உதவ எழுதி வைத்த மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 6ஆம் மந்திரம் அது, பொம்மையைப் பார்த்துச் சொல்வது: வயலைப் பண்படுத்தவோ, தண்ணீர் பாய்ச்சவோ, மணல் சுமக்கவோ இன்னாரைக் கூப்பிட்டால், 'இதோ இருக்கிறேன்' என்று நீ சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றிரண்டுதான் வைத்தார்கள். அப்புறம் ஆசை பெருகி, நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒரு கங்காணி வீதம் 36, ஆக 401 என்று கணக்கு வந்துவிட்டது. கங்காணி கையில் சாட்டை வேறு! 1922இல் திறந்த துட்டன்காமுன் கல்லறையில் 413 கிடைத்தன. ராஜாவுக்கே அந்தப் பயம் என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ்தான், அதாவது கோரைத்தண்டில் செய்த தாள். பொம்மை செய்தவர் ஒரு பூசாரிக்கு எழுதிக் கொடுத்தது. பூசாரியின் தகப்பனாருக்காகச் செய்த 401 பொம்மைகளுக்கும் வெள்ளி வாங்கிக்கொண்டேன் என்கிறார். அதோடு விடவில்லை, பொம்மைகளைப் பார்த்தும் பேசுகிறார்: சீக்கிரம் போங்கள், அந்தத் தகப்பனார் கூப்பிடும்போதெல்லாம் 'செய்கிறோம்' என்று சொல்லுங்கள்.