கியர் தடுமாறினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "கியர் சட்டென்று மாற மாட்டேன் என்கிறது, கடகடவென்று சத்தம் வேறு. எந்த ஸ்க்ரூவைத் திருகட்டும்?" இப்போதைக்கு எதையும் திருக வேண்டாம். முதலில் கேபிளைப் பாருங்கள்.

பழைய சைக்கிள்களில் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தை ஓட்டுகிறவரே கண்டுபிடிப்பார். ஷிமானோ நிறுவனம் 1984இல் டியூரா-ஏஸ் வரிசையில் 'கிளிக்' முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலை ஷிஃப்டருக்கு, அதாவது கியர் மாற்றும் லிவருக்கே, போய்விட்டது. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கேபிள் என்று அளந்து இழுக்கிறது. அதற்கேற்ப டிரெய்லர் (derailleur), அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பின்பக்கக் கருவி, நகர்கிறது. 8 கியர் தொகுதியில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4.8 மில்லிமீட்டர், 10 கியரில் 3.95. கேபிள் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் தடுமாறத் தொடங்கிவிடும்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றியபடி ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பெரும்பாலான சைக்கிள்களில் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய அட்ஜஸ்டர் பெரும்பாலும் இருக்கும். பின்னாலிருந்து பார்த்து, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கால் சுற்று திருகுங்கள். கால் சுற்றுதான். மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. புதுக் கேபிள் கொஞ்ச நாளில் தளர்வது இயல்பு. கேபிள் ஓடும் உறையும் அதன் முனைமூடிகளும் அமுங்கி உட்காருவதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் அதிகமாக இறுகியிருக்கலாம். ஏறவும் தயங்கி, இறங்கவும் தயங்கினால் உறைக்குள் அழுக்கோ துருவோ இருக்கலாம். கேபிள் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) வெளியே ஓடும் சைக்கிள் என்றால் இதை விரலாலேயே கண்டுபிடிக்கலாம். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றி, சக்கரத்தை நிறுத்திவிட்டு, பெடலைச் சுற்றாமல் ஷிஃப்டரை மட்டும் கடைசிவரை இறக்குங்கள். கேபிள் தொய்ந்துவிடும். உறையைச் சட்டத்திலுள்ள பிடியிலிருந்து கழற்றி, கம்பியின் மேல் முன்னும் பின்னும் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நறநறவென்று உரசினால் கம்பி, உறை இரண்டையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது நீடிக்காது.

சைக்கிள் வலதுபுறமாக விழுந்திருந்தால் மட்டும் கேபிளுக்கு முன்பே ஹேங்கரைப் பாருங்கள். டிரெய்லரைத் தாங்கும் அந்தத் துண்டு எளிதில் வளைந்துவிடும். பின்னாலிருந்து பார்க்கும்போது டிரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஓட்டாதீர்கள்! முதல் கியர் போடும்போது டிரெய்லர் ஸ்போக்ஸில் சிக்கிச் சக்கரத்தையே முறித்துவிடலாம்.

டிரெய்லரில் எச், எல் என்று குறித்த ஸ்க்ரூக்கள் இரு ஓரங்களிலும் செயின் எல்லை தாண்டாமல் தடுப்பவை, அவ்வளவே. நடுக் கியர் சத்தத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவற்றைத் திருகித் திருகி, நன்றாக இருந்த சைக்கிளையும் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு வலிக்கிறது.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் செயின் தாவுகிறதா? அது பெரும்பாலும் தேய்மானம். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியிலிருந்து அதற்கு அடுத்த 24ஆவது ஆணி வரை நீளம் 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுச் செயின் போட்ட பிறகும் குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் தாவினால், அந்தப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. பின் பல்சக்கரத் தொகுதியையும் சேர்த்து மாற்றுங்கள்.

வணக்கம்.