சிலைக்கு முகம் கொடுத்த மாணவர்

நடுவர் அவர்களே, வணக்கம். ‘கல்லூரியின் நிறுவன நாள் தொடங்கியவருக்கா, தொடர்பவருக்கா?’ என்பது தலைப்பு. தொடர்பவருக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், “விதை போட்டவர் இல்லாமல் மரம் ஏது?” என்று கேட்டுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, விதை போட்டார். அப்புறம் தண்ணீர் ஊற்றியது யார்? பதில் வருமா என்று எதிரணியைப் பார்த்தால், அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் ஹார்வர்டு வளாகத்தில் இருக்கும் நிறுவனர் சிலையைப் பற்றியும் உருகிப் பேசினார். அந்தப் பீடத்தில் ‘ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638’ என்று பொறித்திருக்கிறார்கள். ஆனால் கல்லூரி தொடங்கியது 1636இல். அதைத் தொடங்கியது மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பேரவை. ஜான் ஹார்வர்டு தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் எழுதிவைத்துவிட்டுப் போன புண்ணியவான், அவ்வளவுதான். முகமாவது அவருடையதா என்றால் அதுவும் இல்லை. அவருடைய உருவப்படம் ஒன்றுகூட இல்லாததால், 1884இல் அந்தச் சிலையைச் செய்த சிற்பி அங்கே படித்த ஓர் இளைஞரை மாதிரியாக உட்காரவைத்தார். நடுவர் அவர்களே, நிறுவனர் என்று சொல்லி நிறுத்திய சிலையிலேயே மாணவரின் முகம்தான் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன வாதாட?

ஆக்ஸ்போர்டைப் பாருங்கள், 1096இலேயே பாடம் நடந்திருக்கிறது, தொடங்கிய நாள் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே படிப்பு நின்றா போய்விட்டது?

அவையெல்லாம் பெரிய இடம், சின்னக் கல்லூரிக்கு நிறுவனர்தானே எல்லாம் என்பார்கள். அதற்குத்தான் டார்ட்மவுத் கதையை வைத்திருக்கிறேன். 1769இல் சாசனம் பெற்ற கல்லூரி அது, தொடங்கியவர் எலியாசர் வீலாக். 1816இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு, அந்தச் சாசனத்தை மாற்றிக் கல்லூரியைத் தன் கைக்குள் கொண்டுவரச் சட்டம் போட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வீலாக் இறந்து அப்போதே முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 1818இல் நீதிபதிகள் முன்னால் எழுந்து நின்றவர் டேனியல் வெப்ஸ்டர், 1801இல் அதே கல்லூரியில் படித்து முடித்தவர். “இது சின்னக் கல்லூரிதான் ஐயா, ஆனாலும் இதை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்” என்று அவர் தழுதழுத்ததாகச் சொல்வார்கள். மறு வருடம் தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாக வந்தது.

“காப்பாற்றியது நிறுவனர் வாங்கிவைத்த சாசனம்தானே?” என்று எதிரணியில் ஒருவர் இப்போதே குறிப்பெடுக்கிறார். நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதம் தானே எழுந்து போய் வாதாடுமா? அந்தச் சாசனத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டாமா?

நான் படித்ததும் சின்னக் கல்லூரிதான், பெயர் வேண்டாம். நிறுவன நாளன்று நிறுவனரின் வாழ்க்கை வரலாற்றை அவர் பிறந்ததிலிருந்து வாசிப்பார்கள். நான் படித்த மூன்று வருடமும் ஒரே தாள், இரண்டாம் பக்கத்தில் இருந்த எழுத்துப் பிழைகூட மாறவில்லை, அந்த இடம் வந்ததும் பின்வரிசை முழுக்கச் சேர்ந்து சொல்லும். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து நீளமாகப் பேசுவார். அன்று காலையிலிருந்து நாற்காலி சுமந்த ஆய்வக உதவியாளரின் பெயர் நன்றியுரையில்கூட வராது. யார் கட்டணம் கட்டாமல் திண்டாடுகிறார்கள், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று முதல்வருக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். சின்னக் கல்லூரி என்றால் அதுதானே நடுவர் அவர்களே, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். தீர்ப்பு சொல்வதற்கு முன், விழா முடிந்து விளக்கை அணைத்த பிறகு அந்த நாற்காலிகளைத் திரும்ப அடுக்கியது யார் என்று மட்டும் எதிரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.