ஆழ்கடல் நீரும் கரையோர வாழ்வும்

நேயர்களுக்கு வணக்கம்.

கரையில் நின்று பார்க்கும்போது கடல் ஒரே நீராகத் தோன்றுகிறது. உண்மையில், வெவ்வேறு இடங்களில் உருவாகி, வெப்பத்திலும் உப்பிலும் வேறுபட்ட பல நீர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நின்று, தத்தம் திசையில் நகர்ந்துகொண்டிருக்கும் இடம் அது. ஓரிடத்தில் உருவாகி, தன் இயல்பை நெடுந்தொலைவு வரை இழக்காமல் செல்லும் இத்தகைய நீரைக் கடலியலாளர்கள் நீர்த்திரள் என்கிறார்கள். ஒரு கரையில் மீன்வளம் செழிப்பதையும் குன்றுவதையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அங்கு வந்துசேரும் நீர் எங்கே உருவானது, எவ்வளவு காலம் ஒளிபடாத ஆழத்தில் இருந்தது என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும்.

அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் நீர் உறையும்போது, அதிலுள்ள உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள் சேராமல் வெளியேறிவிடுகிறது. அதனால் எஞ்சிய குளிர்நீர் மேலும் உவர்ப்பேறி, அடர்த்தி மிகுந்து, கண்டத்தின் விளிம்பிலிருந்து ஆழ்கடலை நோக்கிச் சரியும் கண்டச் சரிவின் வழியே இறங்கிக் கடலடியில் பரவி, நிலநடுக்கோட்டையும் தாண்டி வடக்கே செல்கிறது. மத்தியதரைக் கடலில் ஆவியாதலால் உப்பு மிகுந்த நீரோ, ஜிப்ரால்டர் நீரிணை வழியே வெளியேறி, அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் தன் அடர்த்திக்கு ஒத்த அடுக்கில் பரவுகிறது.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நீரும் மூப்படைகிறது. மேற்பரப்பில் வாழ்ந்து மடியும் உயிர்களின் எச்சங்கள் கீழே இறங்க, அவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அப்போது நுண்பாசிகளுக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரில் சேர்கின்றன. கரைந்திருந்த ஆக்சிஜன் செலவாகிறது. வட அட்லாண்டிக்கில் அமிழ்ந்த ஆழ்நீர் வட பசிபிக்கை எட்ட ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் ஆகலாம். நீர் மூப்படைய மூப்படைய அதில் உரம் கூடுகிறது, மூச்சுக் காற்று குறைகிறது. கரையோர வாழ்வைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே கருத வேண்டும்.

உரம் நிறைந்த ஆழ்நீரைக் கரையருகே மேலே கொண்டுவருவது காற்று. 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் கடலில் பயணம் செய்த நார்வே ஆய்வாளர் நான்சென், பனிக்கட்டிகள் காற்றின் திசையிலேயே செல்லாமல் அதற்கு வலப்புறமாக விலகி நகர்வதைக் கவனித்தார். புவியின் சுழற்சியே அதற்குக் காரணம் என்பதை 1905இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் கணித முறையில் விளக்கினார். தென் அரைக்கோளத்தில் இவ்விலக்கம் இடப்புறமாக நிகழ்கிறது. ஆகவே பெரு நாட்டின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே காற்று வீசும்போது, மேற்பரப்பு நீர் கரையை விட்டு மேற்கே விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் எழுகிறது. கலிபோர்னியா, வடமேற்கு ஆப்பிரிக்கா, நமீபியா ஆகிய கரைகளிலும் இதே நிகழ்வைக் காண்கிறோம். உலகக் கடற்பரப்பில் மிகச் சிறு பங்கான இத்தகைய பகுதிகளிலிருந்து, கடல்மீன் பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது.

பெருவின் நெத்திலி மீன்பிடிப்பு 1970இல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 1972இல் தொடங்கிய எல் நினோவுக்கு, அதாவது கிழக்குப் பசிபிக்கின் மேற்பரப்பு நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிட வெப்பமடையும் நிகழ்வுக்கு, பின் அது 20 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. அளவுமீறிய மீன்பிடிப்பும் அச்சரிவுக்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. எல் நினோவின்போது காற்று நின்றுவிடுவதால்தான் மீன்வளம் குன்றுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி விளக்கமே. கரையோரக் காற்று தொடர்ந்து வீசினாலும், மேற்கிலிருந்து வந்த வெந்நீர் தடித்த அடுக்காகப் படிந்து, உரமுள்ள குளிர்நீரைக் காற்று எட்டாத ஆழத்துக்குத் தள்ளிவிடுகிறது. மேலெழுதல் நடக்கிறது, ஆனால் எழுவது உரமற்ற வெந்நீர். நுண்பாசிகள் குறைகின்றன, நெத்திலி கலைந்தோ ஆழத்துக்கோ செல்கிறது, அதை நம்பிய கடற்பறவைகள் பட்டினியால் மடிகின்றன. 2023இலும் கடல் வெப்பமடைந்ததால், பெரு அரசு தன் வட, மத்தியக் கடற்பகுதிக்கான அவ்வாண்டின் முதல் நெத்திலிப் பிடிப்புப் பருவத்தை ரத்து செய்தது.

மேலெழும் நீர் உணவு தருவது போலவே மூச்சுத் திணறலையும் தரக்கூடும். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2002ஆம் ஆண்டுக் கோடையில் நண்டுகளும் மீன்களும் பெருமளவில் கடலடியில் மடிந்து கிடந்தன. அவ்வாண்டு வடக்கிலிருந்து வழக்கத்தைவிடக் குளிர்ந்த, உரம் மிகுந்த நீர் அப்பகுதிக்கு வந்திருந்தது. அதில் பாசிகள் செழித்து, பின் மடிந்து அழுகியபோது, ஏற்கெனவே குறைவாக இருந்த ஆக்சிஜனும் தீர்ந்துபோயிற்று. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலோ, மூச்சுக் காற்றைத் தேடிக் கரையை நோக்கி நகரும் சிங்கி இறால்கள் மணலில் ஒதுங்கி மடிவது பலமுறை நிகழ்ந்திருக்கிறது. நஞ்சு எதுவும் கொட்டப்படாமலேயே, வந்துசேர்ந்த நீரின் இயல்பு காரணமாக இவ்வளவு பெரிய இழப்பு நேரும் என்பதை மீன்வளத்தைத் திட்டமிடுவோர் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

கரையின் தட்பவெப்பத்தையும் நீரோட்டமே வடிவமைக்கிறது. அட்டகாமா, நமீப் பாலைவனங்கள் கடலை ஒட்டியிருந்தும் வறண்டு கிடப்பதற்கு, அருகிலுள்ள குளிர்நீர் மேலிருக்கும் காற்றைக் குளிர்வித்து, அது உயர்ந்து மழைமேகமாவதைத் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். அங்கே மூடுபனி வரும், மழை வராது.

கடல்மட்டமும் நீரோட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே செல்லும் அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் விரைந்து ஓடும்போது, புவிச்சுழற்சியின் விளைவாக, அதன் வலப்புறமுள்ள கடலைவிட அமெரிக்கக் கரைப்பக்க நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அட்லாண்டிக்கில் வெந்நீரை வடக்கேயும் ஆழ்நீரைத் தெற்கேயும் கொண்டுசெல்லும் பெருஞ்சுழற்சி தளர்ந்தால், அந்த நீர்மட்ட வேறுபாடு குறைந்து கரையோர நீர் உயரும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் இச்சுழற்சி சுமார் 30 சதவீதம் வலுவிழந்தபோது, நியூயார்க்குக்கு வடக்கே கடல்மட்டம் தற்காலிகமாக 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தது. அப்போதைய காற்றும் அதற்குத் துணைநின்றது. 2004 முதல் 26.5 பாகை வட அட்சத்தில் இச்சுழற்சியை அளக்க அட்லாண்டிக்கின் குறுக்கே நிறுத்தப்பட்டுள்ள கருவிகள் இல்லாதிருந்தால், அந்த உயர்வுக்கும் ஆழ்கடல் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு புலப்பட்டிருக்காது. கரையில் சுவர் எழுப்புவதற்கு முன், அங்கே நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் பொறியாளருக்கு, கரையிலுள்ள அளவுகோலைப் போலவே அந்த ஆழ்கடல் கருவிகளின் பதிவும் தேவை.