பழக்கினால்தான் வரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குழந்தைகளுக்குக் குழுவாகக் கலந்து பேசும் திறன் தானாக வருமா, பழக்கினால் வருமா?' என்பது தலைப்பு. பழக்கினால்தான் வரும் என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணி நண்பர் சொன்னார்: "குளத்தில் தள்ளிவிடுங்கள், நீச்சல் தானாக வரும்." ஐயா, கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள் பிள்ளையை அப்படியா தள்ளுகிறார்கள்? முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பெரியவர் கையில். அதற்குப் பிறகுதான் தண்ணீர். நம் வகுப்பறையிலோ, "நாலு நாலு பேரா உக்காந்து கலந்து பேசுங்க" என்ற ஒரே வரியோடு வேலை முடிந்துவிடுகிறது.

அப்படி விட்ட குழுவுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இன்னொன்று எட்டிப் பார்த்து எழுதும். மூன்றாவது பென்சில் சீவும். நான்காவது, டீச்சர் வருகிறாரா என்று வாசலைப் பார்க்கும். பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

முதல் பிழை, கொடுக்கும் கேள்வியிலேயே இருக்கிறது. "தாவரத்தின் பாகங்கள் யாவை?" என்று கேட்டால் பேச என்ன இருக்கிறது? விடை தெரிந்தவன் சொல்வான், மற்றவர்கள் எழுதுவார்கள். "பள்ளி முற்றத்தில் ஒரே ஒரு மரம் நட இடம் உண்டு. வேம்பா, புங்கையா, கொன்றையா? நால்வரும் ஒத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள், இரண்டு காரணம் வேண்டும்" என்று கேளுங்கள். நிழல், பூ, உதிரும் சருகு, யார் தண்ணீர் ஊற்றுவது என்று பேச்சு கிளம்பும். குழுவுக்குத் தாள் ஒன்று, பென்சில் ஒன்று. ஆளுக்கொரு தாள் கொடுத்தால் நான்கு தனி வேலைகள் ஆகிவிடும். குழுவில் நால்வருக்கு மேல் வேண்டாம். ஆறு பேர் ஆனால் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு பேச்சு நடக்கும்.

கேள்வி கொடுத்தவுடன் "ம்... பேசுங்க" என்று விரட்டுவது அடுத்த பிழை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிக்கே அந்தப் பலன். அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் வகுத்துக் கொடுத்த முறையும் இந்த இடைவெளியைத்தான் விரிக்கிறது: முதலில் தனியே யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், பிறகு எல்லோருக்கும் சொல். கூச்சமுள்ள பிள்ளை நால்வர் முன் சொல்லுமுன் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிடுகிறது. அந்த ஒத்திகை சின்ன விஷயமில்லை.

இனி சுரைக்குடுக்கைக்கு வருகிறேன். வகுப்பறையில் அந்த வேலையைச் செய்வது புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. ஒரு கருத்து சொன்னால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்தால் மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தாறு பேர் வகுப்புக்கு 108 கொட்டை போதும், செலவே இல்லை. ஆனால் இதிலும் கோளாறு வரும். துடுக்கான பிள்ளை முதல் நிமிடத்திலேயே மூன்றையும் வைத்துவிடும், பிறகு குழுவே மௌனமாகிவிடும். ஆகவே எல்லோரும் ஒரு கொட்டை வைக்கும்வரை யாரும் இரண்டாவதை வைக்கக் கூடாது என்று ஒரு விதி. மற்றவரிடம் கேள்வி கேட்கக் கொட்டை தேவையில்லை என்று இன்னொரு விதி. இந்த இரண்டாவது விதிதான் உயிர். பேச்சு தீர்ந்த பிள்ளையும் "எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று கேட்கத் தொடங்கும்.

அந்தக் கேள்வியும் தானாக வாயில் வராது. பலகையில் மூன்று தொடக்கங்களை எழுதிப் போடுங்கள். "நீ சொன்னதோட இதையும் சேத்துக்கலாம்..." "எனக்கு அப்படித் தோணல, ஏன்னா..." "நீ சொன்னது புரியல, இன்னொரு தடவை சொல்றியா?" மறுத்துப் பேசினால் சண்டை என்று நினைக்கும் பிள்ளைக்கு நடுவில் உள்ள வரிதான் பெரிய திறப்பு. 'ஏன்னா' வந்துவிட்டால் கோபம் காரணமாக மாறும்.

"வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிறார்களே, தனியே பழக்குவானேன்?" என்றார் எதிரணி அம்மையார். அம்மா, வீட்டுப் பேச்சில் பாதி வாக்கியத்தை நாமே முடித்துக் கொடுக்கிறோம். காரணம் கேட்பதில்லை. மீதி நேரம் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்கிறோம். அந்த மௌனமும் பழக்கி வந்ததுதானே?

"விதி போட்டால் இயல்பு கெடும்" என்றார்கள். கெடும், கடைசிவரை வைத்திருந்தால். கொட்டையைச் செலவழிக்கவே பேசும் பிள்ளைகள் தென்பட்டால் அதை எடுத்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எப்போது எடுப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வட்டம் வரைந்து நால்வரின் முதலெழுத்தையும் சுற்றி எழுதுங்கள். யார் பேச்சுக்கு யார் பதில் சொன்னாலும் ஒரு கோடு. அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸெடர் பள்ளிக்கு 1930இல் எட்வர்ட் ஹார்க்னெஸ் என்ற செல்வந்தர் அளித்த கொடையில் பிறந்தது, ஏறத்தாழ பன்னிரண்டு மாணவர்கள் நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் முறை. அந்த வகுப்புகளைக் கவனிக்கவும் இப்படிக் கோடு போடும் வழக்கம் உண்டு. எல்லாக் கோடும் ஒரே பிள்ளையில் முடிந்தால் கொட்டை இருக்கட்டும். கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் எடுத்துவிடுங்கள்.

ஆசிரியர் நிற்கும் இடமும் முக்கியம். குழுவுக்கு எதிரே போய் நின்றால் நான்கு முகமும் அவரை நோக்கித் திரும்பும், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். பின்னால், தோளுக்குப் பின்னே நின்று கேட்க வேண்டும். "டீச்சர், இது சரியா?" என்று கேட்டால் "அவ என்ன நினைக்கிறான்னு கேட்டியா?" என்று திருப்பிவிட வேண்டும். கயிறு கையில் இருக்கும், ஆனால் இழுக்கக் கூடாது.

நேரமில்லை என்பது கடைசி வாதம். தனியே யோசிக்க 2 நிமிடம், இருவர் பேச 3, நால்வர் பேச 8, வகுப்பு முழுவதும் கேட்க 5. மொத்தம் 18 நிமிடம், வாரம் ஒரு பாடவேளையில் பாதிகூட இல்லை. சத்தம் வரும், உண்மை. ஆசிரியர் கையைத் தூக்கினால் பார்த்தவர் தூக்க வேண்டும், வாயை மூட வேண்டும் என்று முதல் நாளே நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். பேச்சைத் தொடங்கச் சொல்லுமுன் அந்த ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்ட வகுப்பில்தான் "குழுவே வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.