ஓக் மரத்தடியில ரெண்டு போலீட்: எடுலிஸா, ரெட்டிகுலேட்டஸா?

ஹாய் மக்களே, ஒரு கைல ஃபோன் இன்னொரு கைல காளான், அதனால வீடியோ கொஞ்சம் ஆடும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இது போலீட்டஸ் எடுலிஸ், போர்ச்சினின்னு எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறது, கீழ வச்சிருக்கிறது போலீட்டஸ் ரெட்டிகுலேட்டஸ். ரெண்டுமே போலீட், அதாவது தொப்பிக்கு அடியில மடிப்புக்குப் பதிலா குட்டிக் குட்டி ஓட்டை இருக்கிற காளான். ஐரோப்பாவுல ரெட்டிகுலேட்டஸ் மே, ஜூன்லயே தலை காட்டிடும், எடுலிஸ் கோடை முடியுற நேரத்துலதான் நிறைய வரும், ஆனா நடுவுல சில வாரம் ரெண்டும் சேர்ந்தே இருக்கும், அங்கதான் குழப்பமே.

கலரை நம்பவே நம்பாதீங்க, ரெண்டுமே பிரவுன்தான். அடியில இருக்கிற ஓட்டைங்களும் ஹெல்ப் பண்ணாது, ரெண்டுலயும் முதல்ல வெள்ளை, அப்புறம் மஞ்சள், கடைசில ஆலிவ் பச்சை.

தொப்பியைத் தடவிப் பாருங்க. எடுலிஸ் மழை பெஞ்சா லேசா பிசுபிசுன்னு இருக்கும், ஓரத்துல பெரும்பாலும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஓடும், இதோ தெரியுதா? ரெட்டிகுலேட்டஸ் வெல்வெட் மாதிரி காஞ்சு இருக்கும், வெயில் அடிச்சா மேல்தோல் வெடிச்சிடும். தண்டுல எடுலிஸுக்கு வலை மாதிரி வெள்ளைக் கோடுங்க முக்கியமா மேல்பக்கம்தான், ரெட்டிகுலேட்டஸுக்கு அந்த வலை கிட்டத்தட்ட அடி வரைக்கும் இறங்குது பாருங்க.

இப்ப வெட்டுறேன்... எடுலிஸ்ல தொப்பித் தோலுக்கு நேர் கீழ ஒயின் கலர்ல ஒரு மெல்லிசு கோடு இருக்கா, இதுதான் எனக்குப் பிடிச்ச அடையாளம், மத்ததுல தோலுக்கு அடுத்து நேரா வெள்ளைதான். ரெண்டுமே வெட்டினா நீலமாகாது.

மரத்தை வச்சு பாதிதான் சொல்ல முடியும். ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரம் மட்டுமே இருக்கிற காடுன்னா எடுலிஸ்னு யோசிக்கலாம், ஓக், பீச் மரத்தடியிலன்னா எதுவா வேணா இருக்கும்.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா இந்த ரெண்டையும் மாத்திக்கிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது, ரெண்டும் சாப்பிடுறதுதான். பார்க்க இதுங்க மாதிரியே டைலோபிலஸ் ஃபெல்லியஸ்னு ஒரு காளான் இருக்கு, அதுக்குதான் உஷாரா இருக்கணும், தண்டுல வலை டார்க்கா இருக்கும், முத்தினா ஓட்டை பிங்க் ஆகும். விஷம் கிடையாது, ஆனா ஒண்ணு விழுந்தா போதும் சட்டி முழுக்க கசப்பு. ஓட்டையே சிவப்பா இருக்கிற போலீட்டை புதுசா பறிக்கிறவங்க தொடவே வேண்டாம், என் வீடியோவை மட்டும் நம்பி எதையும் வாய்ல வைக்காதீங்க, காளான் தெரிஞ்ச ஆள்கிட்ட நேர்ல காட்டிட்டு அப்புறமா சமைங்க.