கச்சான் வீசும்போது தாழ்த்தி அடி

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறைக்குக் கடலோரம் போகிறவர்கள் எங்கே கொல்ஃப் ஆடலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக ஆடுகிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: காற்று இருக்கும் திடலுக்குப் போங்கள். புல்லின் பசுமை, ஹோட்டலின் நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கொல்ஃப் தடியைத் தொட்டே இல்லாவிட்டாலும் கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடலில் இறால் வடையோடு நின்றிருப்பீர்கள். பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டம் முதலில் தரையோரம் தள்ளாடும். ஓர் உயரம் தாண்டியதும் நூல் விறைத்துவிடும். தரையில் ஒரு காற்று, மேலே வேறு காற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

அதே காலிமுகத்திடலில்தான் 1879இல் கொழும்பின் கொல்ஃப் கழகம் தொடங்கியது. பிறகு பொரளைப் பக்கம் நகர்ந்தது. 1928இல் ‘றோயல்’ பட்டம் கிடைத்தது. களனிவெளிப் பாதையில் அவிசாவளைக்கு ரயிலில் போகிறவர்கள், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே திடீரென்று விரியும் புல்வெளியைக் கண்டிருப்பீர்கள். அதுதான் இந்தத் திடல். தண்டவாளம் அதன் ஊடாகவே போகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார், ரயில் போன பிறகுதான் அடிப்பார். கொழும்பில் ஒரு நாள் தங்குகிறவர்கள் அங்கே ஆடிவிட்டுப் போகலாம். ஆனால் இன்று அது கடலைவிட்டு உள்ளே தள்ளிய திடல். நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி.

அதற்குத் திருகோணமலைக்குப் போக வேண்டும். சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் கொல்ஃப் திடல் இருக்கிறது. அருகிலேயே ரயில் நிலையமும் உண்டு. வைகாசிக்குப் பிறகு கொழும்பில் மழை கொட்டும் மாதங்களில் அங்கே வெயில் காயும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே தன் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது வறண்டு, சூடேறிப் போகிறது. கிழக்குக் கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உதடு காயும்.

என் அம்மாவின் தம்பி அந்தக் கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். கொல்ஃபை அவர் பார்த்ததே இல்லை. ஒரு முறை சீனன்குடாவுக்கு அவரையும் கூட்டிப் போனேன். தடிகள் இருக்கும் பையை நானே சுமக்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல் தோளில் போட்டுக்கொண்டார். கொல்ஃப் விதிப்படி, ஆடும்போது தடியைப் பற்றியோ அடியைப் பற்றியோ நான் யோசனை கேட்கக்கூடியது என் பையைச் சுமப்பவரிடம் மட்டும்தான். தனியாக ஆடும் ஆட்டத்தில் வேறு எவரிடமும் கேட்கக் கூடாது. ஆக, மாமாவுக்கு அன்று அந்த உரிமை கிடைத்துவிட்டது.

கச்சானை எதிர்த்து அடிக்க வேண்டிய இடம். பந்தை உயரத் தூக்கும் எட்டாம் நம்பர் தடியை எடுத்தேன். அடி நன்றாகத்தான் விழுந்தது. பந்து எழும்பியது, இன்னும் எழும்பியது, மேலே போய் ஒரு கணம் தொங்கி, பற்றைக்குள் விழுந்தது. கொல்ஃப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போவதால் காற்று அதைத் தூக்கும். எதிர்க்காற்று என்றால் இன்னும் தூக்கும். உயர உயரத் தூரம் குறையும்.

மாமா பந்தைத் தேடவில்லை. தூரத்துப் பனைகளைப் பார்த்தார். “பிள்ளை, புல் அசையவில்லை, பனையின் தலை ஆடுகிறது. நீ ஏன் பந்தை அங்கே அனுப்புகிறாய்? தாழ்த்தி அடி” என்றார்.

காலிமுகத்திடல் பட்டம்! அதே பாடம்தான். பந்தைத் தாழ்வாக அனுப்பும் ஐந்தாம் நம்பர் தடியை எடுத்து, பந்தை வலது காலுக்குச் சற்று அருகே வைத்து, பாதி வீச்சில் தட்டினேன். முழங்கால் உயரத்தில் போவதுபோல் போய், கட்டாந்தரையில் உருண்டு, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிறீனில் ஏறி நின்றது. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் சுழற்சி கூடிப் பந்து மேலும் எழும்பும். மெதுவாகவும் தாழ்வாகவும் அடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்லிக் கேட்டதுண்டு. எனக்கு அது புரிந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு அடிக்கும் முன்பு மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மதியமாகும்போது, “பொறு, கச்சான் ஓய்கிறது, கடற்காற்று ஏறப் போகிறது” என்றார். பொறுத்தேன். சிறிது நேரத்தில் முதுகில் ஈரக் காற்று பட்டது. ஆகையால் கடலோரத் திடல் எதற்குப் போனாலும் அந்த ஊரவர் ஒருவரைப் பை சுமக்க அமர்த்திக்கொள்ளுங்கள். செலவைப் பார்க்காதீர்கள். பனையைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். அம்பாந்தோட்டையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். விரைவாகச் சொல்கிறேன். அங்கே ஷங்கிரி-லா ஹோட்டலை ஒட்டிய 18 குழித் திடல் உண்டு. தென்னந்தோப்பு, முன்பு மாணிக்கக்கல் தோண்டிய நிலம், கடலோர மணல்மேடு என்று ஒரே சுற்றில் மூன்று விதமான தரையில் நடப்பீர்கள். காற்றுக்குக் குறைவே இல்லை. இலங்கை மின்சார சபை 1999இல் தன் முதல் காற்றாலைகளை நிறுத்திய ஊர் அது. விடியற்காலையில் தொடங்குங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். தொப்பிக்கு நாடா கட்டிக்கொள்ளுங்கள். பையில் 14 தடிகளுக்கு மேல் வைக்க விதி இடம் தராது, பந்துகளுக்கு அப்படி வரம்பு இல்லை, தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். நுவரெலியாவைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.