பதின்மூன்று திராட்சைகளின் ஒயின்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே வகைத் திராட்சையில் செய்த ஒயின்தான் உயர்ந்தது, பல வகைகளைக் கலந்தது இரண்டாந்தரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதைப் பிரான்சின் தென்பகுதியில் விளையும் ஷாத்தோநெஃப் டு பாப் என்ற சிவப்பு ஒயினை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

அவிஞான் நகருக்கு வடக்கே, ரோன் நதியோரம் இருக்கிறது அந்த ஒயினுக்குப் பெயர் தந்த சிற்றூர். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞானில் தங்கியிருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் இங்கே ஒரு கோட்டை மாளிகை எழுப்பினார். ஊர்ப்பெயரில் ‘பாப்’, அதாவது போப், இடம்பெற்ற கதை இதுதான். கோட்டையில் இன்று நிற்பது ஒரு பகுதி மட்டுமே.

போப்பாண்டவரைவிட மண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. கைக்கு அடங்காத வழவழப்பான உருளைக்கற்கள் பரந்து கிடக்கும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரோன் நதி பன்னெடுங்காலமாக உருட்டி வந்தவை அவை. பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தருகின்றன. அடியில் உள்ள களிமண்ணின் ஈரத்தையும் காக்கின்றன. வடக்கிலிருந்து மிஸ்ட்ரல் என்ற காற்று சீறி வந்து கொடிகளை உலர்த்திவிடுவதால் பூஞ்சை நோய் எளிதில் அண்டாது.

இந்த வெயிலில் செழிப்பது கிரெனாஷ் என்ற திராட்சை வகை. ஸ்பெயினிலிருந்து வந்தது என்பார்கள். அதில் சர்க்கரை மிகுதி. ஈஸ்ட் அந்தச் சர்க்கரை முழுவதையும் தின்று ஆல்கஹாலாக்கிவிடுவதால் ஒயினில் இனிப்பு நிற்பதில்லை. பழுத்த பழத்தின் மணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஆனால் கிரெனாஷின் தோல் மெல்லியது, நிறம் குறைவு, காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும். சிரா அடர்ந்த நிறத்தையும் மிளகு மணத்தையும் தருகிறது. தாமதமாகப் பழுக்கும் மூர்வெத்ர் துவர்ப்பையும் நெடுநாள் தாங்கும் உறுதியையும் தருகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதே இங்கே கலப்பு. மணற்பாங்கான நிலத்தில் கிரெனாஷை மட்டுமே நம்பி மகத்தான ஒயின் செய்யும் ராயாஸ் தோட்டமும் இதே ஊரில்தான் உண்டு. அது அந்த நிலத்துக்கே உரிய விதிவிலக்கு.

ஒரு காலத்தில் இவ்வூர் ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி, வடக்கே பர்கண்டியின் மெலிந்த ஒயினுக்கு வலுவேற்றினார்கள். இவ்வூர்ப் பெயரில் போலிகளும் பெருகின. 1923இல் விவசாயிகள் ஃபோர்த்தியா தோட்டத்தைச் சேர்ந்த லெ ருவா பிரபுவை நாடினார்கள். அவர் சட்டம் படித்தவர், முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். அவர் வகுத்த விதிகளைப் பாருங்கள்: லாவெண்டரும் தைம் செடியும் வளரும் வறண்ட நிலமாக இருக்க வேண்டும், ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம், பழுதான திராட்சையைக் கழித்தே தீர வேண்டும். அந்தப் போராட்டத்தின் பயனாக 1936இல் அரசு இவ்வூர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. விவசாயிகளே தங்களுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது.

1936இன் விதிகள் 13 திராட்சை வகைகளை அனுமதித்தன. நிறவேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணி 2009இல் அது 18 ஆனது. வெள்ளைத் திராட்சையையும் சிவப்பு ஒயினில் சேர்க்கலாம். கூனுவாஸ், வக்காரேஸ் போன்றவற்றைப் பலரும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. இன்று வெயில் ஏறிக்கொண்டே போகிறது, கிரெனாஷின் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டுகிறது. புத்துணர்ச்சியும் புளிப்பும் தேடும் தோட்டக்காரர்கள், ஒதுக்கி வைத்த அந்தக் கொடிகளை மறுபடியும் நட்டு வருகிறார்கள்.